அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரிதான் எட்டவில்லை

பொழுது விடிவதற்குள் போடிநாயக்கனூரின் ஒரு பகுதி மலையேறிவிடுகிறது. போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், கோம்பை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுகிலும் இருட்டிலேயே ஜீப்புகள் புறப்படுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். களை எடுப்பு, காய் எடுப்பு என்று வேலை முடித்து, பொழுது சாயும்போது அதே வளைவுகளில் திரும்புகிறார்கள்.

இவர்களுக்குக் காப்பீடே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பல வீடுகளில் இருக்கிறது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் விபத்துக் காப்பீடு பலருக்கு உண்டு. ஊரில் கடை வைத்திருப்பவரும், இரண்டு ஏக்கர் ஏலம் வைத்திருப்பவரும், ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவரும் தனியார் மருத்துவ பாலிசிக்குப் பணம் கட்டுகிறார்கள். இத்தனை இருந்தும் நெஞ்சு வலி என்று ஒருவர் சாய்ந்தால் வீட்டில் முதலில் தேடுவது பாலிசியை அல்ல, அடகு வைக்கக்கூடிய நகையை. இந்த மலைச்சரிவில் காப்பீடு ஏன் மருத்துவமாக மாறுவதில்லை? காரணம் ஒரு கம்பெனியின் பேராசையோடு முடிந்துவிடவில்லை. இந்தப் பாலிசிகளை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்த நோயாளி வேறு ஒருவர். அவர் பெருநகரத்தில் இருக்கிறார், மாதச் சம்பளம் வாங்குகிறார், பத்து நிமிடத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் போய் நிற்கிறார்.

கட்டிலுக்கு முன்னால் ஆகும் செலவு

ஏலச்செடியின் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. அதனால் காய் எடுப்பு என்பது நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் செய்கிற வேலை. மழையும் பனியும் ஈரமும் ஓயாத காடு. பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. இந்த வேலை உடம்பில் சேர்க்கிற நோவு பெரும்பாலும் இடுப்பு, முழங்கால், தோல், கண், மூச்சு என்று மெல்ல மெல்ல வருவது. அதற்குத் தேவை டாக்டரிடம் போவது, ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் மாத்திரை, சில நாள் ஓய்வு. இவற்றில் ஒன்றைக்கூடச் சாதாரண மருத்துவ பாலிசி தொடுவதில்லை. 24 மணி நேரம் உள்நோயாளியாகப் படுத்தால்தான் பாலிசி கண் விழிக்கும். கண்புரை, டயாலிசிஸ் போன்ற ஒருநாள் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. புறநோயாளி சீட்டுக்கும் மருந்துக்கடை பில்லுக்கும் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் தனிப் பிரிவு வேண்டும்; அதை யாரும் இங்கே விற்கவும் மெனக்கெடுவதில்லை.

தேசியச் சுகாதாரக் கணக்கின்படி 2021-22-ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. அதில் பெரும்பங்கு மருந்துக்கும் புறநோயாளி சிகிச்சைக்கும் போனது. படுக்கையில் விழுவதற்கு முன்பே குடும்பத்தைக் கரைக்கும் செலவு இதுதான். அந்த இடத்தில் எந்தத் தனியார் நிறுவனமும் நிற்பதில்லை. அங்கே நிற்பது அரசு ஆஸ்பத்திரி மட்டுமே. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் உருவாகி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கி அனுப்பத் தொடங்கிய பிறகு, போடி அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வரிசையில் நின்றால் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. எந்த பாலிசி விளம்பரத்தையும்விட இந்த ஊர் மக்களுக்கு இவை செய்திருக்கும் உதவி பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நோய் முற்றிவிட்டால் வழி நீள்கிறது. போடி அரசு மருத்துவமனையில் முதலுதவி. அங்கே முடியாது என்றால் தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கேயும் முடியாது என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. போடியிலிருந்து மதுரை 90 கிலோமீட்டர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தபோது இந்தப் பாதையை நாடே பார்த்தது. உள்ளூர்க்காரர்கள் இருட்டில் ஏறிப்போய், தீக்காயம் பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் சுமந்து இறக்கினார்கள். போடி, தேனி, மதுரை என்று அவர்கள் மாற்றி மாற்றி அனுப்பப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மலையேற வந்தவர்களில் பலர் நகரத்து வேலையில் இருந்தவர்கள். சிலரிடம் நல்ல பாலிசியும் இருந்திருக்கலாம். மலையடிவாரத்தில் தீக்காயச் சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் எந்த பாலிசியும் ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தித் தர முடியாது.

அகமலை ஊராட்சியின் சில குக்கிராமங்களிலிருந்து இன்னமும் நோயாளியைக் கம்பில் டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். மூணாறில் விளைந்த தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியில் இறக்கிய மலை இது. அதற்கு இணைந்த குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. நூறாண்டுக்கு முன்பு தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த வசதி, இன்று பிரசவ வலி எடுத்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கோபப்படாமல் எழுத முடியவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கவேண்டிய 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில் ஆம்புலன்ஸுக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வரை தருகிறார்கள். டோலி தூக்கும் எட்டுப் பேரின் ஒருநாள் கூலிக்கும், அவசரத்துக்குப் பிடிக்கும் ஜீப் வாடகைக்கும் அதில் இடமில்லை.

பத்துப் படுக்கை இல்லாத ஊர் ஆஸ்பத்திரி

தனியார் பாலிசிக்கு ஒழுங்காகப் பணம் கட்டியவர்களின் கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரி என்றால் என்ன என்பதற்கே பாலிசியில் ஒரு இலக்கணம் இருக்கிறது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊரில் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கைகள், பெரிய நகரங்களில் 15 படுக்கைகள், 24 மணி நேரமும் தகுதி பெற்ற நர்ஸுகளும் டாக்டரும், முழு வசதியுள்ள அறுவை அரங்கு. உள்ளாட்சி அமைப்பிடம் முறையாகப் பதிவு பெறாத இடத்துக்கு இத்தனையும் வேண்டும். போடியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் முக்கால் லட்சத்தை ஒட்டியது. முப்பது வருடமாகக் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கிற டாக்டரின் நான்கு கட்டில் கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால், அந்த பில் இந்த இலக்கணத்தில் இடறி விழலாம்.

தேறிய ஆஸ்பத்திரியாகவே இருந்தாலும், அது அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் முதலில் கையிலிருந்து கட்டி, பிறகு பில்லையெல்லாம் சேர்த்து அனுப்பித் திரும்பக் கேட்கவேண்டும். 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் 'எங்கும் பணமில்லாச் சிகிச்சை' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டாமல் சேரலாம். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே சொல்லவேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். நல்ல அறிவிப்புதான். ஆனால் ஆஸ்பத்திரி சம்மதிக்கவேண்டும், கம்பெனியும் ஒத்துக்கொள்ளவேண்டும். பில் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகுமோ என்று பயப்படும் சிறிய ஆஸ்பத்திரி, 'டெபாசிட் கட்டிட்டு அட்மிஷன் போடுங்க' என்றுதான் சொல்லும். அந்தப் பயத்தையும் தப்பு சொல்ல முடியாது.

டெபாசிட் கட்டி, சிகிச்சையும் முடிந்து, பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசி 2 லட்ச ரூபாய்க்கான ஆரோக்கிய சஞ்சீவனி. அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு 4,000 ரூபாய். மதுரையில் கிடைத்த அறையோ 6,000 ரூபாய். நான்கு நாள் தங்கல். அறைக்கு 24,000, டாக்டர், அறுவை, அரங்குக் கட்டணம் 60,000, மருந்தும் பரிசோதனையும் 26,000, மொத்தம் 1,10,000 ரூபாய். அறையில் நாளுக்கு 2,000 கூடுதலாகப் போனது, 8,000-ஐ நாம் கட்டிவிடலாம் என்றுதான் எந்தக் குடும்பமும் நினைக்கும். பாலிசி அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்குத்தான் தகுதி என்பதால், டாக்டர் கட்டணத்தையும் அறுவைக் கட்டணத்தையும்கூட மூன்றில் இரண்டாக வெட்டுகிறார்கள். 60,000 என்பது 40,000 ஆகிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது, அது தப்பித்தது. ஆகத் தேறுவது 82,000. அதிலும் 5 சதவீதம் பாலிசிதாரர் ஏற்கவேண்டும் என்பது இந்த பாலிசியின் விதி. கடைசியில் கம்பெனி தருவது 77,900. குடும்பம் கட்டவேண்டியது 32,100. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் 64 நாள் உழைப்பு. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று 'தராத பட்டியலில்' வருபவை தனி.

இந்தக் கணக்கை பாலிசி விற்கும்போது யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டினால் பாதி வழக்குகள் இருக்காது. 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் எளிய தகவல் தாள் ஒன்று கொடுக்கவேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அது அவருடைய மொழியிலும் இருக்கவேண்டும். போடியில் பாலிசி எடுப்பவர்கள் இதைத் தமிழில் கேட்டு வாங்கவேண்டும். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடவும் உரிமை உண்டு.

காய் விலை இறங்கினால் காத்திருப்பு ஏறும்

ஏலமலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பெருநகரத்து நிபுணர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

இங்கே வருமானம் மாதாமாதம் வருவதில்லை, ஏலக்காயின் விலையோடு வருகிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருடத்துக்குள் சராசரி ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. விலை ஏறிய வருடம் வீட்டில் எல்லோருக்கும் பாலிசி எடுத்தவர், விலை விழுந்த வருடம் முதலில் நிறுத்துவது எதை? பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையா, உர பாக்கியையா, பிரீமியத்தையா? பிரீமியத்தைத்தான்.

நிறுத்திய பிறகுதான் சேதம் புரிகிறது. ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் என்று ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் முன்பு 48 மாதம் வரை இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். இரண்டு வருடம் கட்டிவிட்டு மூன்றாம் வருடம் தவறவிட்டவருக்கு அந்த 36 மாதமும் முதலிலிருந்து தொடங்கும். ஐந்து வருடம் இடைவிடாமல் கட்டியிருந்தால், மோசடி நிரூபணமானால் ஒழிய, 'நோயை மறைத்துவிட்டாய்' என்று சொல்லி எந்தக் கோரிக்கையையும் தள்ள முடியாது என்பது பாலிசிதாரருக்குள்ள மிகப் பெரிய பாதுகாப்பு. விலை ஏறி இறங்கும் ஊரில் அந்த ஐந்து வருடத்தை முழுதாகக் கடப்பது சிரமம். பயிர்க் கடனுக்குத் தவணையைத் தள்ளிவைக்கத் தெரிந்த நாட்டில், விளைபொருள் விலை விழுந்த வருடத்தில் விவசாயியின் மருத்துவ பாலிசிக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கம்பெனிகள் தாமாகச் செய்யாது. ஒழுங்குமுறை ஆணையம்தான் எழுதவேண்டும்.

பிரீமியத்தின் மேல் போட்டிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு நீக்கப்பட்டிருப்பது உண்மையான நிம்மதி. நோய்க்கு எதிராகச் சேமிப்பவரிடம் இத்தனை வருடம் வரி வாங்கியதே தவறு.

மறுக்கப்பட்ட 15,100 கோடி

2023-24 நிதியாண்டில் இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களிடம் நிலுவையையும் சேர்த்துக் கேட்கப்பட்ட தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது 83,493 கோடி. பாலிசி விதிகளைக் காட்டி ஏற்காமல் விட்டது சுமார் 15,100 கோடி. இதைத் தவிர அடியோடு நிராகரித்தது 10,900 கோடிக்கு மேல். இவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கையில் உள்ள எண்கள். கேட்ட நூறு ரூபாயில் எழுபத்தொரு ரூபாய்தான் வந்தது. வராத ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் ஒரு மோசடிக்காரர் இருந்தார் என்று நம்ப யாராலும் முடியாது.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வருவது 'ஏற்கெனவே இருந்த நோய்'. விண்ணப்பத்தை நிரப்பியவர் பெரும்பாலும் ஏஜென்ட். கையெழுத்துப் போட்டவர் பாலிசிதாரர். சர்க்கரை இருக்கிறதா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டது யார் என்பது மூன்று வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதுதான் தெரியவருகிறது. உண்மையைச் சொன்னவர்களும் தப்புவதில்லை. சர்க்கரை நோய் இருப்பதை முதலிலேயே சொல்லி பாலிசி எடுத்த ஒருவருக்கு இதயச் சிகிச்சைப் பணத்தை மறுத்த வழக்கில், நோயை அறிந்தே பாலிசி கொடுத்த பிறகு அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவர் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சை பெற்ற வழக்கில், ஆஸ்பத்திரியின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் செலவை மறுக்க முடியாது என்று 2018-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் யாரும் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை என்கிற சாதாரண நியாயம்தான் அது.

2024 மே மாதம் ஆணையம் வெளியிட்ட விதிகள் முன்பைவிடக் கடுமையானவை. பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தரவேண்டும்; தாமதத்தால் ஆஸ்பத்திரிக் கட்டணம் கூடினால் அதைக் கம்பெனியே ஏற்கவேண்டும். கம்பெனியின் கோரிக்கைப் பரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ளாமல் எதையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் சொல்லவேண்டும்.

எனவே 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று ஏஜென்ட் போனில் சொன்னதோடு விட்டுவிடக் கூடாது. எழுத்தில் வாங்க வேண்டும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பொறுக்கலாம். பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான தொகையை அவர் விசாரிக்கலாம், அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. இத்தனை வழி இருப்பது மலையடிவாரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கவலை. பாலிசி விற்க வீடு தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். புகார் எழுதிக் கொடுக்க ஒருவரும் வருவதில்லை.

இரண்டு பேர் வேலைக்குப் போனால் ஏழை இல்லையா?

தமிழ்நாட்டில் அரசுக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக, ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாகப் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் போனது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. 2022-ல் வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் புற்றுநோய்க்கும் இந்தத் திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் தேனி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதைக் குறைத்துப் பேசவே கூடாது.

ஆனால் அந்த 1,20,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நாளுக்கு 500 ரூபாய் கூலியில் ஒருவர் வருடத்துக்கு 240 நாள் வேலைக்குப் போனால் சரியாக 1,20,000 ரூபாய் வந்துவிடுகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் ஜீப் ஏறினால் காகிதப்படி அந்தக் குடும்பம் திட்டத்துக்கு வெளியே. கிராம நிர்வாக அலுவலர் நிலைமை அறிந்து சான்று எழுதுவதால்தான் பல குடும்பங்கள் உள்ளே இருக்கின்றன. உள்ளபடி எழுதினால் தகுதி போய்விடும் என்ற நிலையில் ஒரு திட்டத்தை வைத்திருப்பது அரசுக்கும் அழகல்ல, சான்று எழுதுபவருக்கும் பாதுகாப்பல்ல. சான்று கிடைத்த பிறகு பதிவுக்குத் தேனி கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போகவேண்டும். கூலிக்காரருக்கு அது ஒருநாள் சம்பளம். போடியிலேயே, வேலை முடிந்து ஜீப்புகள் திரும்பும் மாலை நேரத்தில், இந்தப் பதிவை நடத்த என்ன தடை?

வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்களின் பாடு இன்னும் மோசம். அரசு அட்டைக்குத் தகுதியில்லை, நல்ல தனியார் பாலிசி வாங்க வசதியில்லை. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாட்டில் குறைந்தது 30 சதவீதம், ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-ல் கணக்கிட்டது. போடியின் கடைவீதியும் சிறு ஏல விவசாயியும் அதில் அடக்கம். 70 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் என்ற மத்திய திட்டம் 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறவர்களுக்கு இன்னும் வழியில்லை, பிரீமியம் ஏறுவது அந்த வயதில்தான்.

எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

காலையில் ஏறிய ஜீப்புக்குத் திரும்புவோம். அது போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் கவிழ்ந்தால், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. விபத்து தமிழக எல்லைக்குள் நடந்திருக்கவேண்டும். அதே ஜீப் மேலே, பூப்பாறைக்குப் போகும் வழியில் கவிழ்ந்தால், உள்ளே இருப்பது அதே பெண்கள்தான், அந்தத் திட்டம் இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று நாடு முழுவதற்கும் அறிவித்த பிறகே அந்தப் பக்கம் ஒரு பிடிமானம் வந்தது.

இன்னொரு ஆபத்து யார் கண்ணிலும் படுவதில்லை. வண்டியின் அனுமதியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தால், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை அளவுக்கு மட்டுமே இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லிவிட்டது. மிச்சத்தை வண்டி முதலாளி தரவேண்டும். ஜீப் ஓட்டிப் பிழைப்பவரிடம் லட்சக்கணக்கில் எங்கிருந்து வரும்? எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் போவது அந்தப் பெண்களின் விருப்பமல்ல. ஆனால் கடைசியில் இழப்பீடு குறைவது அவர்களுக்கு.

2020 மார்ச் 24 அன்று, ஊரடங்குக்காக வண்டிகள் நின்றுபோனதால் கேரளத் தோட்டத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே ராசிங்காபுரம் திரும்பியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். ஒரு குழந்தையும் அவர்களில் அடக்கம். ஒரு மாநிலத்தில் வேலை, இன்னொரு மாநிலத்தில் வீடு என்று வாழ்கிறவர்களின் உயிர் எந்த அரசின் பொறுப்பு என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அதற்குப் பதில் இல்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்தது. ஏலத்தோட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்றது. ஆனால் 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அது பொருந்தியது. ஏலமலையில் பெரும்பாலானவை சின்னத் தோட்டங்கள். தினமும் வந்து போகிற தொழிலாளி ஒரே தோட்டத்தின் பேரேட்டில் நிலையாக இருப்பதும் இல்லை. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் கரைந்துவிட்டது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு நல்ல வரி இருக்கிறது: தோட்ட முதலாளி விரும்பினால் தன் தொழிலாளர்களைத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம்.

இந்த மலைக்குப் பொருந்துகிற காப்பீடு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இ.எஸ்.ஐ. படுக்கையில் தொடங்குவதில்லை. புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் குடும்பத்துக்கே கிடைக்கும். காத்திருப்புக் காலம் கிடையாது, ஏற்கெனவே இருந்த நோய் என்ற பேச்சும் கிடையாது. நோயில் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, தகுதிக்கான நாட்கள் பணம் கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உதவித்தொகை. இதற்கு முதலாளி கட்டவேண்டியது கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். 500 ரூபாய் கூலிக்கு முதலாளி 16 ரூபாய் 25 காசு, தொழிலாளி 3 ரூபாய் 75 காசு. மொத்தம் 20 ரூபாய். ஒரு கிலோ காய் ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற மோசமான வருடத்திலும் அது 20 கிராம் காயின் விலை.

முதலாளி விரும்பினால் என்ற சொல்லை எடுத்துவிட்டு, சின்னத் தோட்டங்களையும் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளும்படி விதி எழுதவேண்டும். பல தோட்டங்களில் மாறி மாறி வேலை செய்பவரின் பங்கை ஏலம் நடக்கும் இடத்திலேயே காயின் மேல் பிடித்துக்கொள்ள முடியும். விற்பனையின் பெரும்பகுதி வாரியத்தின் மின்னணு ஏலத்தின் வழியாகப் போவதால் கணக்குக்குப் பஞ்சமில்லை. போடியிலும் பூப்பாறையிலும் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகம் ஒவ்வொன்று வேண்டும். கேரளத்து நெடுங்கண்டத்தில் சிகிச்சை பெறும் தமிழகத் தொழிலாளிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லவேண்டும், க.விலக்குக்கு இறங்கிவரும் இடுக்கித் தமிழருக்குக் கேரளத்தின் காருண்யா அட்டை செல்லவேண்டும். முல்லைப் பெரியாறு போலச் சிக்கலான வழக்கு எதுவும் இதில் இல்லை. இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் தேனியில் ஒரு மேசையில் உட்கார்ந்து, எந்த ஆஸ்பத்திரியில் எந்த அட்டை, பில்லை யாருக்கு அனுப்புவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.